பூட்டிய வீட்டில் ஓர் உயிர்

(அறக்கட்டளையின் ஆண்டுப் பெருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வளர்ந்த நாய் ஒன்றை வீட்டில் எத்தனை மணி நேரம் தனியே விட்டுச் செல்லலாம் என்பதே இவ்வுரையின் பொருள். அறவுரைகள் நிகழும் மேடையில் இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும், இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் நாள்தோறும் எழுகின்ற கேள்வி இது. கொல்லாமையைக் குலவழக்கமாகக் கொண்ட ஓர் இல்லத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஓர் உயிர் என்ன படுகிறது என்பது சிறிய செய்தி ஆகாது.

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் முன்னாளில் நாய் வளர்ந்த முறை வேறு. வீடு ஒருபோதும் வெறுமையாய் இருந்ததில்லை. பாட்டனாரோ பாட்டியாரோ திண்ணையில் இருப்பர். நாய் தெருவுக்கும் களத்துக்கும் தன் விருப்பம்போல் போய்வரும். அந்த நாய்க்குத் தனிமை என்பதே தெரியாது. இன்றோ பிழைப்பை நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களில் கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். அடுக்குமாடி வீட்டின் கதவு காலை எட்டரைக்குப் பூட்டப்பட்டால் மாலை ஆறரைக்கே திறக்கிறது. இடையில் பத்து மணி நேரம். நாயின் இயல்பு மாறவில்லை. அதன் வீடுதான் மாறிவிட்டது.

அறநூல் கூறும் எல்லை

நாய் மனமுடைய ஐந்தறிவுயிர். அச்சமும் ஆசையும் துயரும் நினைவும் அதற்கு உண்டு. தமிழ்ச் சமணம் இதனை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில், உணவைத் தீண்டியதற்காக அடிபட்டுச் சாகக் கிடந்த நாயின் அருகில் சீவகன் சென்று அமர்கிறான். அதன் செவியில் ஐந்து பதங்களாலான மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கே துணை நிற்கிறது. நாயின் மனம் நற்சொல்லை ஏற்கவல்லது என்பது அக்கதையின் உட்பொருள். நற்சொல்லை ஏற்கும் மனம் தனிமையின் துயரையும் அறியும்.

இல்லறத்தாருக்குரிய அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து மீறல்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம் எடுத்துரைக்கிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. உயிரைப் போக்காமல் இருப்பது மட்டுமே விரதத்தை நிறைவுசெய்யாது என்பது இதனால் விளங்கும். தனியே விடப்படும் நாயின் நிலையை ஆராய்ந்தால், இவ்வைந்தில் மூன்று அங்கே கூடிவிடுகின்றன. சங்கிலியோ பூட்டிய அறையோ கட்டுதல். கவிழ்ந்த தண்ணீர்ச் சட்டி நீரைத் தடுத்தல். மாலையில் வீடு திரும்பியவர், கிழிந்த தலையணையைக் கண்டு கை ஓங்கினால் அது அடித்தல். எவரும் தீங்கு கருதிச் செய்வதில்லை. கவனமின்மையால் நிகழ்வன இவை. கவனமின்மையே இம்சைக்கு வாயில் என்பது சமணத்தின் அடிப்படைப் போதனை.

உடல் கூறும் கணக்கு

நலமுள்ள வளர்ந்த நாய் ஒரு நாளில் மூன்று முதல் ஐந்து முறை சிறுநீர் கழிக்கும். ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை அதனால் அடக்கிக்கொள்ள இயலும். ஆனால், அடக்க இயல்வது வேறு, துன்பமின்றி இருப்பது வேறு. மனிதரும் நெடும்பயணத்தில் அடக்கிக்கொள்வர். அதனை நாள்தோறும் எவரும் விரும்பி ஏற்பதில்லை. வீட்டினுள் கழிக்கலாகாது என்று பழக்கப்பட்ட நாய், அப்பழக்கத்துக்கு அஞ்சியே மாலைவரை வேதனையுடன் காத்திருக்கும். அவ்வாறு நாள்தோறும் அடக்கிவைப்பது சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இடமளிக்கும்.

அடுத்தது நீர். ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லி லிட்டர் தண்ணீர் ஒரு நாளைக்கு நாய்க்குத் தேவை. இருபது கிலோ எடையுள்ள நாய்க்கு இது ஒரு லிட்டருக்கும் மேல். கோடையில் இன்னும் மிகும். இலேசான தட்டில் ஊற்றிவைத்த நீர் ஒரு முறை கால் பட்டாலே கவிழ்ந்துவிடும். ஆகவே, கவிழாத கனமான கற்சட்டியிலோ மண்சட்டியிலோ இரண்டு இடங்களில் நீர் வைப்பதே முறை.

மூன்றாவது வெப்பம். நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. மனிதரைப்போல் உடல் முழுதும் வியர்த்து அது குளிர்ச்சி பெறுவதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. அக்கினி நட்சத்திர நாட்களில், காங்கிரீட் கூரையின்கீழ், சன்னல்கள் சாத்திய அறையில், மின்சாரம் நின்று மின்விசிறியும் ஓய்ந்துவிட்டால், அங்கே இருக்கும் நாய்க்கு நான்கு மணி நேரமும் மிகை. பக் போன்ற தட்டை முக இனங்களுக்கு மூச்சுக்குழல் குறுகியிருப்பதால் ஆபத்து இரட்டிப்பாகும். நிறுத்திவைத்த காரினுள் நாயை விட்டுச் செல்வது சில நிமிடங்களுக்கும் தகாது.

மனம் கூறும் கணக்கு

சுவீடன் நாட்டு ஆய்வாளர்களான தெரேசா ரேன், லிண்டா கீலிங் இருவரும் 2011-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தனிமைத் தொல்லை இல்லாத 12 நாய்களை அரை மணி, இரண்டு மணி, நான்கு மணி என்னும் மூன்று கால அளவுகளில் வீட்டில் தனியே விட்டு, ஒளிப்பதிவுக் கருவியால் கவனித்தனர். தனித்திருந்த நேரத்தில் நாய்கள் பெரும்பாலும் படுத்தே கிடந்தன. ஆனால், வளர்த்தவர் திரும்பிவந்தபோது, அரை மணிக்குப்பின் காட்டிய வரவேற்பைவிட இரண்டு மணிக்குப்பின் காட்டிய வரவேற்பு மிகுந்திருந்தது. பிரிவின் நீளத்தை நாயின் மனம் உணர்கிறது என்று கொள்வதற்கு இது சான்று. அமைதியாகப் படுத்திருக்கிறது என்பதனாலேயே அது எதையும் உணரவில்லை என்று முடிவுசெய்தல் பொருந்தாது.

சில நாய்களுக்குப் பிரிவு பெருந்துயராகிறது. கதவு சாத்தப்பட்ட அரை மணிக்குள்ளாகவே குரைத்தலும் ஊளையிடுதலும் தொடங்கும். கதவின் ஓரத்தைப் பிறாண்டும், எச்சில் ஒழுகும், பழகிய நாயும் தரையை நனைத்துவிடும். இதனைக் குறும்பு என்றும் பழிவாங்கல் என்றும் கருதுவோர் உண்டு. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அறிஞர் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. தவறுசெய்த நாயின் முகத்தில் தெரிவதாகச் சொல்லப்படும் குற்ற உணர்ச்சி, அது தவறு செய்ததா என்பதைச் சார்ந்து தோன்றுவதில்லை. வளர்ப்பவர் கடிந்துகொள்வதைக் கண்டே தோன்றுகிறது என்று அவர் காட்டினார். காலையில் நிகழ்ந்ததற்கு மாலையில் அடித்தால், அடிக்குக் காரணம் நாய்க்கு விளங்காது. வீடு திரும்புபவரைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்வதே அதன் பயனாகும்.

எத்தனை மணி நேரம்?

வளர்ந்த, நலமுள்ள, தனிமைக்குப் பழகிய நாய்க்கு நான்கு மணி நேரமே தகுந்த எல்லை. பிரிட்டனில் நாய்களின் நலம் பேணும் முதன்மை அமைப்புகள் இந்த அளவையே பரிந்துரைக்கின்றன. சுவீடனின் விதிகளோ, வீட்டினுள் வளரும் நாயைப் பகற்பொழுதில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் வெளியே அழைத்துச் செல்லவேண்டும் என்கின்றன. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால், நான்கு மணி இயல்பான அளவு. ஆறு மணி எப்போதேனும் நேரும் தேவைக்குரிய அளவு. எட்டு, பத்து மணி நேரம் என்பது இடையில் ஒருவர் வந்து, வெளியே அழைத்துச் சென்று, நீர் மாற்றி, சற்றே உடனிருந்து போகும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே ஏற்கத்தக்கது. இரவு முழுதும் ஆளில்லா வீட்டில் விடுவது எந்நிலையிலும் தகாது. குட்டிக்கும், முதுமையடைந்த நாய்க்கும், மருந்து உண்ணும் நாய்க்கும் இவ்வளவுகள் மேலும் குறையும்.

இந்தியச் சட்டமும் இதனைக் கருதியுள்ளது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், எப்போதும் சங்கிலியிலோ அடைப்பிலோ வைக்கப்படும் நாயை உரிய அளவு நடமாட விடாதிருப்பதைக் குற்றமாகவே குறிப்பிடுகிறது. போதிய உணவு, நீர், இருப்பிடம் தராதிருத்தலும் அவ்வாறே. இச்சட்டம் பிறக்கக் காரணமாயிருந்தவர், மாநிலங்களவையில் இதற்காக வாதாடிய ருக்மிணி தேவி அருண்டேல் ஆவார். முதல் முறை குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் தண்டம் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரைதான். தண்டத்துக்கு அஞ்சி அறம் செய்வோருக்கு அது வேலியாகாது. விரதத்தை வேலியாகக் கொண்டோருக்குத் தண்டத்தின் அளவு பொருட்டன்று.

இல்லத்தார் செய்யத்தக்கவை

தனிமைக்குப் பழக்குதல் படிப்படியாக நிகழவேண்டும். முதலில் ஐந்து நிமிடம், பின் கால் மணி, பின் அரை மணி என்று பல நாட்களில் கூட்டவேண்டும். புறப்படும்போது நெடிய விடைபெறுதலும், திரும்பியவுடன் ஆரவாரமும் வேண்டா. புறப்படுமுன் நாயை நன்றாக நடக்கவிட்டு உணவளித்தால், அது உறங்கிப் பொழுதைக் கழிக்கும். அதே வளாகத்தில் பணி ஓய்வு பெற்ற பெரியவர் எவரேனும் இருந்தால், அவரிடம் சாவியை ஒப்படைத்து நண்பகலில் ஒருமுறை வந்துபோக வேண்டலாம். ஒருவருக்கொருவர் இத்தகைய துணை செய்துகொள்வது உயிர்த்தொண்டும் ஆகும். அண்டை உறவையும் வளர்க்கும்.

மேல்சித்தாமூர், பொன்னூர்மலை, திருமலை ஆகிய தலங்களுக்குக் குடும்பத்துடன் புறப்படும் நாட்களில், நாயின் பொறுப்பை யார் ஏற்பது என்பதை வண்டி ஏற்பாட்டுக்கு முன்பே முடிவுசெய்தல் வேண்டும். ஒருவர் வீட்டில் தங்குவதனால் யாத்திரையின் பயன் குறைந்துவிடாது. பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய தீபாவளித் திருநாளில் ஊரெங்கும் வெடியோசை எழும். மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலியையும் கேட்கும் நாய்க்கு அது பெருந்துன்பம். அன்று நாயைத் தனியே விட்டு வழிபாட்டுக்கு எல்லாரும் ஒருங்கே செல்லாமல், முறைவைத்துச் சென்றுவரலாம். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் இடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. சாக்லேட்டும் அதற்கு நஞ்சு. ஆளில்லாத வேளையில் இவை அதற்கு எட்டும் இடத்தில் இருத்தலாகாது.

நாய் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் முதலில் பார்க்கவேண்டியது கடிகாரத்தை. இல்லறத்தார் தம் உடைமைக்கு எல்லை வகுக்கும் பரிக்கிரக பரிமாண விரதத்தில் நாற்கால் உயிர்களும் எண்ணப்படுகின்றன. பேண இயலும் அளவுக்கு மேல் கொள்ளலாகாது என்பது அதன் கருத்து. நாள்தோறும் பத்து மணி நேரம் வெறுமையாய் இருக்கும் வீட்டுக்கு நாயைக் கொண்டுவராதிருப்பதும் அன்பே. அவ்வில்லத்துப் பிள்ளைகள் வாயிலில் ஒரு சட்டி நீர் வைத்துத் தெருவில் வாழும் உயிர்களின் தாகம் தணிக்கலாம். ஊரிலுள்ள தாத்தா பாட்டி வீட்டு நாயுடன் விடுமுறையில் பழகலாம். முன்பே நாயை ஏற்றுக்கொண்ட இல்லத்தாருக்கோ பின்வாங்கும் வழி இல்லை. அதன் பதின்மூன்று, பதினான்கு ஆண்டு வாழ்வு முழுதும் அவர்கள் பொறுப்பு. அதனைத் தெருவில் விட்டுவிடுதல் தனிமையினும் கொடிய தீங்கு.

மாலையில் கதவு திறக்கும் ஓசைக்காகக் காத்திருக்கும் உயிருக்கு விரதத்தின் பெயர் தெரியாது. அதன் பயன் மட்டும் தெரியும். அப்பயனை அவ்வுயிர் நாள்தோறும் பெறுமாறு இல்லத்தார் தம் பொழுதை வகுத்துக்கொள்வாராக.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!