ஐம்பத்தைந்து வயதில் வரும் பணம்
(சாஆ வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பள உயர்வைப் பற்றித் தொழிற்சங்க மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். வாங்கிய சம்பளத்தைப் பறிகொடுக்காமல் காப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். போராடிப் பெற்ற கூலியை ஒரு கையெழுத்தில் இழந்துவிட்டால், போராடியதன் பயன் என்ன?

நாம் நிரை பிடித்து வெட்டிய ரப்பர் மரங்கள் பல இடங்களில் சாய்ந்து, செம்பனை எழுந்துவிட்டது. ஆனால் ஒன்று மாறவில்லை. தோட்டத்து வீடு, வேலை இருக்கும் வரைதான் நமக்கு. வேலை முடிந்தால் வீட்டை விட வேண்டும். அன்று தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமானால், கையில் இருப்பது ஊழியர் சேமநிதிப் பணம் ஒன்றே. 1951ல் ஏற்பட்ட அந்தச் சேமநிதியில் நம் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 11 வெள்ளி போகிறது. 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 வெள்ளி போடுகிறார். முப்பது ஆண்டு விடியற்காலையில் எழுந்ததன் பலன் அது.

இது நமக்குத் தெரிந்ததைவிட ஏஜெண்டுகளுக்கு நன்றாகத் தெரியும். ஐம்பத்தைந்து வயது ஆனவர் வீட்டு வாசலுக்குத் தபால்காரருக்கு முன்னே ஏஜெண்டு வந்து நிற்கிறார். "அண்ணே, அக்கா" என்று அழைக்கிறார். ஊர்க்காரர் என்கிறார், உறவு என்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் விற்க வந்தவர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

தோழர்களே, பழைய வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.

1982ல் மைக்கா ஹோல்டிங்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. நாட்டின் செல்வத்தில் இந்தியருக்கும் பங்கு வேண்டும் என்று ம.இ.கா. முன்னின்று தொடங்கியது. நோக்கம் நல்லதுதான். சுமார் 66,000 பேர், ஏறத்தாழ 10 கோடியே 60 லட்சம் வெள்ளி கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்த தோட்டத் தொழிலாளர்களும் அவர்களில் உண்டு. நடந்தது என்ன? 2010ல் வேறொரு நிறுவனம் முன்வந்து, ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்குக்கு 80 சென் தருவதாகச் சொன்னது. அதையே பெரிய ஆறுதல் என்று கருதிப் பலர் வாங்கிக்கொண்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் வெள்ளி போட்டவருக்கு ஏறத்தாழ 28 ஆண்டு கழித்து முதலாக வந்தது 800. அதே ஆயிரம், ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டரை என்ற அற்ப வட்டியில் கிடந்திருந்தாலும் 28 ஆண்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆகியிருக்கும். 1983 முதல் 1987 வரை சேமநிதி தந்த இலாப ஈவோ நூற்றுக்கு எட்டரை!

மைக்கா பங்கு, பங்குச் சந்தையில் ஏறாத பங்கு. ஆகவே விற்க நினைத்தவருக்கு வாங்க ஆள் இல்லை. உள்ளே போக அகன்ற வாசல், வெளியே வர ஒரு சந்து கூட இல்லை. நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இதுவே.

இதற்கு மாறான ஒன்றும் நம்மிடையே நடந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960ல், சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மாதம் பத்து வெள்ளியாக நூறு வெள்ளிப் பங்கு. அந்தப் பணம் தோட்டமாக, மண்ணாக, மரமாகக் கண்ணுக்கு எதிரே நின்றது. பணம் எங்கே போகிறது என்று உறுப்பினர் கேட்டால் காட்ட ஓர் இடம் இருந்தது.

ஆனால் கூட்டுறவு என்ற பெயர் மட்டும் காவல் ஆகாது. 1986ல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

பிறகு தங்கம் வந்தது. ஜெனீவா மலேசியா என்னும் தங்க வியாபார நிறுவனத்தில் 2012 அக்டோபரில் பேங்க் நெகாரா சோதனை நடத்தியது. தங்கத்தைச் சந்தை விலைக்கு மேல் விற்பது, மாதந்தோறும் நூற்றுக்கு இரண்டு வெள்ளி போல அன்பளிப்புக் கொடுப்பது, இதுவே அந்த வியாபாரம். உதாரணமாக, நூறு வெள்ளித் தங்கத்தை 125க்கு விற்று, மாதம் இரண்டரை வெள்ளி கொடுத்தால், பத்து மாதம் கொடுப்பது நம்மிடம் கூடுதலாக வாங்கிய அந்த 25 வெள்ளியைத்தான்! பதினோராம் மாதம் கொடுக்கப் புதிய ஆள் வேண்டும். புதிய ஆள் வராத அன்று கடை மூடும். சேமநிதி 2024க்குக் கொடுத்தது ஆண்டுக்கு 6.30 விழுக்காடு. மாதத்துக்கு இரண்டு, மூன்று என்று ஒருவர் சொன்னால், அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

இனி காப்புறுதிக்கு வருவோம். காப்புறுதி கூடாது என்று நாம் சொல்லவில்லை. சம்பாதிக்கும் ஒருவர் திடீரென்று கண்மூடினால் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது. அதற்குக் காப்புறுதி வேண்டும். ஆனால் பாதுகாப்பையும் சேமிப்பையும் ஒரே பொட்டலத்தில் கட்டி விற்கும்போது, இரண்டும் எவ்வளவு என்று நமக்குப் புலப்படுவதில்லை.

மாதம் 100 வெள்ளி, இருபது ஆண்டு கட்டினால் முடிவில் 30,000 கிடைக்கும் என்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது 24,000, ஆகா, ஆறாயிரம் இலாபம் என்று மனம் மகிழ்கிறது. உண்மையில் அது ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றே கூடுதல். ஐந்து விழுக்காடு கிடைக்கும் இடத்தில் அதே பணம் 41,000 ஆகும். இடையே உள்ள 11,000 வெள்ளி, ஆயுள் பாதுகாப்புக்கும் ஏஜெண்டின் கமிஷனுக்கும் நிர்வாகச் செலவுக்கும் நாம் கொடுக்கும் விலை. குறித்த காலத்துக்கு உயிருக்கு மட்டும் எடுக்கும் காப்புறுதி, இதைவிடப் பல மடங்கு மலிவு. அதைத் தனியாக எடுத்து, மிச்சத்தைத் தனியாகச் சேர்ப்பது நல்லது.

இன்னொன்று. தொடக்க ஆண்டுகளில் கட்டும் பணத்தில் பெரும்பகுதி கமிஷனாகப் போகிறது. இரண்டு, மூன்று ஆண்டில் நிறுத்தினால் திரும்பி வருவது சொற்பம், சில வேளை ஒன்றுமே இல்லை. மழைக்காலத்தில் பால் குறைந்து சம்பளம் குறைந்தாலும், இந்தச் சந்தா குறையாது. முதலீட்டோடு இணைந்த மருத்துவ அட்டையில் வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். நாம் சேர்த்த யூனிட்டுகளை அதுவே தின்றுவிடக் கூடும். வேலையிடத்து விபத்துக்கும், உழைக்க இயலாமல் போவதற்கும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோ நமக்கு இருக்கிறது. அதையும் கணக்கில் வைத்தே மேற்கொண்டு வாங்க வேண்டும்.

ஆகவே, தோழர்களே, கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று, இடையில் பணம் வேண்டுமானால் எப்போது, எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? ஒவ்வோர் ஆண்டுக்கும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு, உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு? கேட்பதில் வெட்கம் இல்லை.

மூன்று, எது உறுதி, எது எதிர்பார்ப்பு? வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள்.

நான்கு, இந்த நிறுவனத்துக்கு உரிமம் உண்டா? பேங்க் நெகாராவும் செக்கியூரிட்டீஸ் கமிஷனும் எச்சரிக்கைப் பட்டியல்கள் வைத்திருக்கின்றன. படித்த பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்தபின் 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். அந்தப் பதினைந்து நாளில் பத்திரத்தைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து வாசிப்போம். மோசடிக்காரனுக்குப் பணம் அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால், வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 997க்குப் போன் செய்யுங்கள்.

முக்கியமான ஒன்று. ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. வேண்டியதை மட்டும் எடுத்து, மிச்சத்தை அங்கேயே விடலாம். நூறு வயது வரை இலாப ஈவு உண்டு. வழக்கமான சேமநிதிக் கணக்கில் அது நூற்றுக்கு இரண்டரைக்குக் குறையாது என்பதற்குச் சட்டம் காவல். வங்கியில் போட்டால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பிடிம் காப்பு உண்டு. சேமநிதியிலும் காப்புறுதியிலும் வாரிசு பெயரைப் பதிந்துவிடுங்கள். இல்லையேல் விதவையான நம் சகோதரி, அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும்.

கணவன் மட்டும் முடிவு செய்வது வேண்டாம். மனைவிக்குத் தெரியாமல் போட்ட கையெழுத்துத்தான் பல வீடுகளில் கண்ணீராக முடிகிறது. இரண்டு பேரும் கேளுங்கள், ஒரு வாரம் பொறுங்கள். நல்ல திட்டம் ஒரு வாரத்தில் ஓடிவிடாது. "இன்றே கையெழுத்து, நாளை கிடையாது" என்று அவசரப்படுத்துபவருக்கு ஒரு குவளை தேநீர் கொடுத்து அனுப்பிவையுங்கள்.

இந்தப் பணம் நாளைக்கு நாம் குடியிருக்கப் போகும் வீடு. வீட்டை விற்பதற்கு எவ்வளவு யோசிப்போமோ, அவ்வளவு யோசித்தே பேனாவைத் தொடுவோம்.