டிரைவரின் தூக்கத்தைப் பறித்தவர் யார்?

(லாரித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

லாரி கவிழ்ந்தால் போலீசார் எழுதும் வாசகம் நமக்கு மனப்பாடம்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி..." டிரைவர் மீது வழக்கு. அத்துடன் விசாரணை முடிந்தது! அந்த வேகத்தை விதித்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

டிரைவர்களில் பலருக்கு நிலையான மாதச் சம்பளம் கிடையாது. நடைக்கு இவ்வளவு என்றே கூலி. நாமக்கல்லிலிருந்து டில்லிக்குப் போகிறவர் கோடவுன் வாசலில் நாள் கணக்கில் காத்துக் கிடந்தாலும் அதற்குக் காசில்லை. இழந்த நேரத்தை இரவுத் தூக்கத்திலிருந்துதான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

நள்ளிரவுக்குப் பின், விடியும் முன், உடல் தூக்கத்தைக் கேட்டே தீரும். டீயும் பீடியும் அதை வெல்லா. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் லாரி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் போகிறது. நான்கு விநாடி கண் அயர்ந்தால் 65 மீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்ட ஆளில்லை!

தொப்பூர் கணவாயைப் பாருங்கள். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறார்கள். எஞ்சினின் பிடிப்பு போய், பாரம் முழுவதும் பிரேக் மேல் விழுகிறது. டிரம் சூடேறிப் பிரேக் நிற்க மறுக்கிறது. தவறுதான், மறைக்கவில்லை. ஆனால் டீசல் கணக்கை டிரைவரின் தலையில் கட்டியவருக்கு இதில் பங்கில்லையா?

1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றது. நெடுந்தூர வண்டிகளுக்கு அனுமதியுடன் நாளுக்கு 10 மணி வரை. ஏட்டில் இருந்தது, ரோட்டில் இல்லை. 2018-ல் நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயமில்லை என்று விதியைத் திருத்தினார்கள். 2025 நவம்பரில் அந்த 1961-ம் ஆண்டுச் சட்டமே புதிய தொகுப்புக்குள் மறைந்தது.

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். வரவேற்கிறோம். ஆனால் தூங்காத கண் குளிர்ந்த அறையிலும் மூடத்தான் செய்யும்.

ஆகவே நாம் கேட்பது இவை: நிலையான மாதச் சம்பளம், காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி, நெடுந்தூர நடைக்கு இரண்டாவது டிரைவர், சாலையோரத்தில் படுக்கவும் குளிக்கவும் இடம்.

இது டிரைவருக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. எதிரே பஸ்ஸில் வருகிற குடும்பத்தின் உயிரும் இதில் இருக்கிறது. ஊர் ஊராக இதை எடுத்துச் சொல்வோம், தோழர்களே!