சின்ன வீட்டுக்கு மாறுவது பற்றி
(நம் குடியிருப்போர் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது)



"பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்கு வந்த அனுபவத்தைப் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். சின்ன வீடு என்றதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நான் சொல்வது இரண்டு படுக்கையறை, 870 சதுர அடி, மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டும் சின்ன வீடு. மனைவியோடுதான் வந்திருக்கிறேன்.

நங்கநல்லூரில் கீழும் மேலுமாக ஒரு தனி வீட்டில் 30 வருடம் இருந்தோம். பிள்ளைகள் போன பிறகு மாடிக்கு நாங்கள் ஏறியதெல்லாம் பெருக்குவதற்கும், தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்ப்பதற்கும்தான். மோட்டார் ரிப்பேர், தென்னை மட்டை, சாக்கடை அடைப்பு என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேட வேண்டும். இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. உங்களில் பலர் மூன்று படுக்கையறை வீட்டில் இரண்டே பேராக இருக்கிறீர்கள். சிலருக்கு ஊரில் பெரிய வீட்டில் தனியாக அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

மாறுவது நல்லதா கெட்டதா என்ற கேள்வியைவிட, யார் முடிவு எடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எங்கள் கிளையில் கேஷ் கவுண்டரில் இருந்த ஒரு அம்மா, கணவர் போன பிறகும் பெரிய வீட்டிலேயே தனியாக இருந்தார். "முடியாதபோது பார்த்துக்கலாம்" என்பார். ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மகன் மூன்று வார லீவில் வந்தான். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வாரத்தில் வீட்டைக் காலி செய்து, அம்மாவைத் தன் ஊருக்கு அழைத்துப் போக வேண்டும் என்றால் என்ன நடக்கும்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவருக்கு எந்தப் பாத்திரம் எங்கே போனது என்றே தெரியாது. நான் பார்க்கப் போனபோது வீட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை. "கொலு பொம்மையை யாருக்குக் கொடுத்தான்னு கேட்டுச் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். கேட்டேன். மகனுக்கே தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நடமாட்டம் இருக்கும்போதே மாறுங்கள். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து "இது வேண்டும், இது வேண்டாம்" என்று சொல்ல உடம்பில் தெம்பு வேண்டும். எங்களுக்குப் பரணை மட்டும் காலி செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. பித்தளை அண்டாக்களைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டோம். எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடங்களில் பெயர் வெட்டியிருந்தது. அவற்றைக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மனைவி ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்தாள், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள். அந்த மத்தியானத்தை வேறு யாரும் எங்களுக்காகச் செய்து தந்திருக்க முடியாது.

மாறக்கூடாதவர்களும் இருக்கிறார்கள். காலையில் கதவு திறக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தட்டும் தெருவில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். மகன் பக்கத்தில் இருக்கலாம் என்று மட்டுமே வீடு வாங்குவதும் சரியில்லை. அவனுக்கு அடுத்த வருடம் பெங்களூருக்கு மாற்றல் வரலாம்.

வீடு பார்க்கப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள். விளம்பரத்தில் 1,100 என்று போட்டிருப்பார்கள். அதில் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாம் உங்கள் பங்காகச் சேர்ந்திருக்கும். ரெரா சட்டப்படி கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேளுங்கள், வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் இடம் அதுதான். கட்டிலையும் பீரோவையும் முன்பே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குளியலறைக் கதவையும் அளந்து பாருங்கள், ஒருநாள் அதில் சக்கர நாற்காலி நுழைய வேண்டி வரலாம். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போகுமா என்று கேட்டதற்கு ஒரு புரோக்கர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

இனி பணம். பிரிவு எண்களைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். ஒரே ஒரு கணக்கு. பழைய வீடு 1 கோடியே 60 லட்சத்துக்கு விற்கிறது என்று வையுங்கள். 2001 ஏப்ரலுக்கு முன்பு வாங்கியதாக இருந்தால், அந்தத் தேதியின் மதிப்பை, அப்போதைய அரசு வழிகாட்டி மதிப்புக்கு மேற்படாமல், அடக்க விலையாக எடுக்கலாம். அது 12 லட்சம் என்றால் லாபம் 1 கோடியே 48 லட்சம். 12.5 சதவீத வரி என்றால் 18 லட்சத்து 50 ஆயிரம் கட்ட வேண்டும். ஆனால் 80 லட்சத்துக்கு வேறு வீடு வாங்கினால் அந்தத் தொகைக்கு விலக்கு உண்டு. விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்ற பின் இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கியிருக்க வேண்டும். மீதி 68 லட்சத்தில் 50 லட்சத்தை ஆறு மாதத்துக்குள் இதற்கென்றே உள்ள பாண்டுகளில் போட்டால், 18 லட்சத்துக்குத்தான் வரி. 2 லட்சத்து 25 ஆயிரமும் செஸ்ஸும். பழைய சொத்துக்கு 20 சதவீத வரியோடு பணவீக்கத்தைக் கழிக்கும் முறையையும் தேர்ந்தெடுக்கலாம். எது உங்களுக்கு லாபம் என்று ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் விற்பதற்கு முன்பே.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? மிச்சம் 80 லட்சம் என்று வாய் சொல்லும். அதில் 50 லட்சம் ஐந்து வருடத்துக்கு எடுக்க முடியாது. வரியும் புரோக்கர் கமிஷனும் போகக் கையில் இருப்பது 27 லட்சமோ என்னவோ. ஆகவே முன்கூட்டியே "உனக்கு இவ்வளவு தருகிறேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். கையில் உள்ளதைத் தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம், ஒருவருக்கு 30 லட்சம் வரை இடம் உண்டு. டெபாசிட்டாகப் போடுவதென்றால் ஒரே வங்கியில் குவிக்காதீர்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் இன்ஷூரன்ஸ். கவுண்டருக்குப் பின்னால் 36 வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

புது வீட்டை இரண்டு பேர் பெயரிலும் வாங்குங்கள். விலக்குக் கணக்கு யார் பெயரில் வரும் என்பதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். மனைவி பெயர் பத்திரத்தில் இல்லாமல், கணவர் போன பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியிருந்து அவர்கள் கவனிக்காவிட்டால், 2007 ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

நாமினி போட்டாயிற்றே, போதாதா என்று சிலர் கேட்பீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர், அவ்வளவுதான். யாருக்குச் சேர வேண்டும் என்பதற்கு உயில் வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் உயிலால் பயன் பெறாதவர்களாக இருக்கட்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். பேனாவும் என்னிடமே இருக்கும். கவுண்டரில் கட்டிப் போட்டு வைத்த பேனா இல்லை, இது எழுதும்.