கோயில் திரையும் காட்சிசாலைச் சீட்டும்

(கடலூரில் நாம் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது காட்சிசாலை உத்தியோகஸ்தர் ஒருவரின் வாழ்க்கை. "சாமி இல்லை என்கிறவர்களுக்கு, சாமி சிலைகளைச் சேர்த்து வைத்தவரைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். சாமி இல்லை என்றால் சிலையும் இல்லை என்று அர்த்தமா? சிலை இருக்கின்றது, அதில் செம்பு இருக்கின்றது, செய்தவனுடைய மூளையும் கைத்திறமும் இருக்கின்றன. இல்லாததைப் பற்றி ஆயிரம் வருஷம் பேசியாகிவிட்டது. இருப்பதைப் பற்றிச் சற்று நேரமாவது பேசவேண்டாமா?

காட்சிசாலையில் கியூரேட்டர், அதாவது காப்பாட்சியர் என்று ஒருவர் உண்டு. அவர் வேலை பொருளுக்குக் காவலிருப்பது மாத்திரமல்ல. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதன் பக்கத்தில் எதை வைப்பது, கீழே சீட்டில் என்ன எழுதுவது என்று தீர்மானிக்கின்றவர் அவரே. நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது சொற்பம். 1851-இல் ஏற்பட்ட சென்னைக் காட்சிசாலையை நம்மவர்கள் "செத்த காலேஜ்" என்பார்களே, அதன் சீட்டுகளே நமக்குக் காலேஜாயிருந்தன. ஆகையால் சீட்டு எழுதுகின்றவருடைய அதிகாரம் எவ்வளவென்று நமக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவர்களில் உலகமறிந்த ஒருவர் ஆனந்த குமாரசாமி. 1877-ஆம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி கொழும்பில் பிறந்தார். தகப்பனார் சர் முத்துக் குமாரசாமி, இலங்கைத் தமிழர், பாரிஸ்டர். தாயார் இங்கிலீஷ் மாது. இரண்டு வயது நிரம்பு முன்னே தகப்பனார் இறந்துபோக, குழந்தை இங்கிலாந்தில் வளர்ந்தது. இலண்டனில் அவர் படித்தது பூகர்ப்ப சாஸ்திரம். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆராய்ச்சி இலாகாவுக்குத் தலைவராயிருந்தார். தோரியனைட் என்னும் கனியைக் கண்டுபிடித்தார். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர், அங்கே கைத்தொழிலாளிகள் அழிந்துவருவதைக் கண்டார். 1908-இல் சிங்களக் கலையைப் பற்றியும், 1909-இல் இந்தியக் கைத்தொழிலாளியைப் பற்றியும் புத்தகங்கள் எழுதினார். 1910-11-இல் அலகாபாத்தில் நடந்த பெரிய கண்காட்சியில் சித்திரப் பகுதியை நடத்தினார்.

1917-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் காட்சிசாலை அவரை இந்தியப் பகுதிக்குக் காப்பாட்சியராக்கிற்று. 1947 செப்டம்பர் 9-ந் தேதி இறக்கும்வரை அங்கேயே வேலை செய்தார். பழையதை மாத்திரம் கட்டிக்கொண்டு அழுதவரல்ல. போட்டோ என்பது யந்திர வேலை, கலையாகாது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த 1924-இல், ஸ்டீக்லிட்ஸ் என்பவர் எடுத்த 27 போட்டோக்களைப் பாஸ்டன் காட்சிசாலை ஏற்றுக்கொள்ளும்படி செய்தவரும் அவரே.

இனி சிதம்பரத்துக்கு வருவோம். அங்கே நடராஜர் என்று சொல்லப்படும் உருவத்தை நம்மில் யாராவது முழுதும் பார்த்ததுண்டா? பட்டும் பூவும் நகையும் போக மிச்சமென்ன தெரிகின்றது? நந்தன் நெருப்பில் மூழ்கி எழுந்த பிறகே அங்கு இடம் கிடைத்தது என்று பெரியபுராணமே சொல்லுகின்றது. கனகசபையில் ஏறி நின்று ஜனங்கள் கும்பிடலாம் என்பதற்கே 2022-ஆம் வருஷம் மே மாதத்தில் அரசாங்கம் உத்தரவு போடவேண்டியிருந்தது! ஆனால் எழும்பூர் காட்சிசாலையில் திருவாலங்காட்டு நடராஜர் நிற்கின்றார். பட்டில்லை, திரையில்லை. நீ என்ன ஜாதி என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. இவ்வுருவத்தின் அழகை மேல்நாட்டார் அறியச் செய்ததில் குமாரசாமிக்குப் பெரும்பங்கு உண்டு. 1912-இல் "சித்தாந்த தீபிகை"யில் "சிவ நடனம்" பற்றி எழுதினார். 1918-இல் அது புத்தகமாயிற்று. அர்ச்சகர் மறைத்ததைக் காப்பாட்சியர் எல்லாருக்கும் காட்டினார். இது நல்ல காரியமென்று தாராளமாய் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

ஆனால் தோழர்களே, பட்டை அவிழ்த்தவர் வேறொரு பட்டைச் சுற்றிவிட்டார். அதன் பெயர் தத்துவம். உடுக்கை சிருஷ்டி, நெருப்பு சம்ஹாரம், தூக்கிய காலடி மோக்ஷம் என்று வியாக்கியானம் எழுதினாரே யொழிய, வார்த்தவன் யார், அவன் கதி என்ன என்ற கேள்வியை அந்தத் தத்துவம் மூடிவிட்டது. பரம்பரைத் தொழிலால்தான் கலை வளர்ந்தது என்று வருணாசிரமத்துக்கும் வக்காலத்து பேசினார். உடன்கட்டை ஏறுவதற்குக்கூட நியாயம் எழுதினார். இவ்வளவு படித்தவர் இதை எழுதலாமா என்று கேட்கின்றோம்.

மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருப்பிடித்து, மேலே வண்டல்மண் பூசி, சூட்டால் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, உளியால் கண் திறந்தவன் ஸ்தபதி. கும்பாபிஷேகம் ஆனவுடன் அவன் கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே நிற்கவேண்டும்! செய்தவன் தொட்டால் தீட்டு, செய்யாதவன் தொட்டால் பூஜை. இதுதானே குமாரசாமி புகழ்ந்த ஏற்பாட்டின் யோக்கியதை?

2004-ஆம் வருஷம் ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் விஞ்ஞானக் கூடத்தில் ஒரு நடராஜர் சிலை வைக்கப்பட்டது. அதன் பலகையிலும் குமாரசாமியின் வார்த்தைதான். "பார், விஞ்ஞானமே நம் சாமியை ஒப்புக்கொண்டுவிட்டது!" என்கிறார்கள். அது இந்திய அரசாங்கம் கொடுத்த அன்பளிப்பு. வெகுமதி வாங்கினவன் பக்தனாகிவிடுவானா?

காப்பாட்சியர் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி: இப்பொருள் எப்படி இங்கே வந்தது? அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 இலட்சம் டாலருக்கு வாங்கி, திருட்டுச் சொத்தென்று வெளிப்பட்ட பிறகு 2014-இல் திருப்பிக் கொடுத்தது. தன்னைக் காத்துக்கொள்ளாத சாமிக்குப் போலீசும் கோர்ட்டும் துணை போகவேண்டியிருந்தது. அழகை மெச்சினவர்கள் வாங்குமுன் பத்திரத்தைத் தீர விசாரித்திருந்தால் இந்த வெட்கம் வந்திருக்குமா?

ஆகவே, குமாரசாமி செய்த பாதியை நாம் ஏற்றுக்கொள்ளுவோம். செய்யாத பாதியை நாம் செய்வோம். இதே கடலூரில் அரசாங்கக் காட்சிசாலை ஒன்று இருக்கின்றது. வருகின்ற விடுமுறையில் உங்கள் குழந்தைகளை, முக்கியமாய்ப் பெண் குழந்தைகளை, அங்கே அழைத்துப் போங்கள். கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லாதீர்கள். சிலையைச் சுற்றி வந்து முதுகுப்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். யார் செய்தது, எதனால் செய்தது, எந்தக் காலம், எப்படி இங்கே வந்தது என்று நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சீட்டில் பதில் இல்லாவிட்டால், அங்குள்ள காப்பாட்சியரைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லவேண்டியது அவர் உத்தியோகம்; கேட்கவேண்டியது நம் உரிமை.