நெஞ்சு வலி: கேஸ்ட்ரிக்கா, மாரடைப்பா?
(முதியோருக்கான சுகாதார உரை)



நான் மருத்துவர் இல்லை, மொழிபெயர்ப்பாளர். நீங்கள் தமிழில் சொல்வதை மருத்துவருக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதும், அவர் சொல்வதை உங்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. அதனால் நெஞ்சு வலியைப் பற்றிய இந்த உரையை நாம் பேசும் சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

நெஞ்சு கரிக்கிறது, எரிகிறது, அடைக்கிறது, பிசைகிறது, பாரமாக இருக்கிறது என்று நாம் பலவிதமாகச் சொல்கிறோம். மருத்துவருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு தடயம். ஆனால் கிளினிக்கில் உட்கார்ந்ததும் பலர் இதையெல்லாம் விட்டுவிட்டு, "கேஸ்ட்ரிக்தான் டாக்டர், வாயு பிடித்திருக்கிறது" என்று முடித்துவிடுகிறார்கள். அது நோயின் அடையாளம் இல்லை. நாமே எழுதிக்கொண்ட தீர்ப்பு.

இரண்டும் ஏன் ஒன்றுபோல் வலிக்கின்றன?

நாம் விழுங்கும் உணவை வயிற்றுக்குக் கொண்டுசெல்வது உணவுக்குழாய். அது இதயத்தின் பின்புறமாக, அதை ஒட்டியே இறங்குகிறது. இரண்டிலிருந்தும் வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. ஆகவே வலி எங்கிருந்து வந்தது என்று மூளைக்கே சில நேரம் தெளிவாகத் தெரிவதில்லை.

பொதுவான வேறுபாடுகள்

உணவுக்குழாய் வலி பெரும்பாலும் எரிச்சலாக இருக்கும். வயிற்று அமிலம் மேலே ஏறுவதே காரணம். இரவு நேரம் கழித்து நாசி கண்டார் சாப்பிட்டு உடனே படுத்தால் வரும், குனிந்தால் கூடும். வாயில் புளிப்பு நீர் ஊறும். எழுந்து உட்கார்ந்தால் குறையலாம்.

இதய வலி பெரும்பாலும் இறுக்கமாக, பாரமாக, நெஞ்சில் கல்லை வைத்தது போல் இருக்கும். இடது கை, தோள், தாடை, முதுகு என்று பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் சேர்ந்து வரலாம். தண்ணீர்மலைப் படிகளில் ஏறும்போது வந்து, நின்று இளைப்பாறினால் அடங்கும் வலியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். அது இதய இரத்தக் குழாய் சுருங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

நம்பக்கூடாத நான்கு சோதனைகள்

1. "ஈனோ குடித்தேன், ஏப்பம் வந்தது, குறைந்தது." மாரடைப்பு வலியும் விட்டுவிட்டு வரக்கூடும். குறைந்ததை வைத்து முடிவு செய்ய முடியாது.

2. "நாக்கின் கீழ் மாத்திரை வைத்தேன், குறைந்தது, அப்படியானால் இதயம்தான்." அந்த மாத்திரை உணவுக்குழாயின் இறுக்கத்தையும் தளர்த்தும். அதுவும் சான்று ஆகாது.

3. "சாப்பிட்ட பிறகுதான் வந்தது." வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு இதய வலியும் வரலாம்.

4. "பெரிய வலி இல்லையே." வயதானவர்களுக்கும், பெண்களுக்கும், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். திடீர்க் களைப்பு, மூச்சு வாங்குதல், மேல்வயிற்றில் ஒரு சங்கடம், அவ்வளவுதான் தெரியும்.

நான்காவது நம் சமூகத்துக்கு முக்கியமானது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2020இல் நாட்டில் மருத்துவர்கள் சான்றளித்த மரணங்களுக்கு முதல் காரணம் இதய இரத்தக் குழாய் நோய், 17 விழுக்காடு.

ஆகவே, வீட்டில் இருந்தபடி இதைப் பிரித்தறிய முடியாது. மருத்துவமனையில்கூட ஈசிஜி எடுத்து, இரத்தம் சோதித்து, சில மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்த பிறகே முடிவு சொல்கிறார்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

புதிதாக வந்த நெஞ்சு வலி, அடைப்பு, மூச்சுத் திணறல், வியர்வை இருந்தால், வேலையை நிறுத்தி உட்காருங்கள். 999ஐ அழையுங்கள். மருத்துவர் ஏற்கெனவே நாக்கின் கீழ் மாத்திரை கொடுத்திருந்தால், அவர் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் 999. நீங்களே கார், மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகாதீர்கள். கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைபட்ட இரத்தக் குழாயை விரைந்து திறந்தால்தான் இதயத் தசை பிழைக்கும்.

தொலைபேசியில் மலாயில் பேச வேண்டியிருந்தால் இரண்டு சொற்கள் போதும்: "சாக்கிட் டாடா" என்றால் நெஞ்சு வலி; "செசாக் நாஃபாஸ்" என்றால் மூச்சுத் திணறல். பிறகு வீட்டு முகவரி. "சாக்கிட் ஹாத்தி" என்று சொல்லாதீர்கள். அது மனம் புண்பட்டதைச் சொல்வது. இதயத்துக்கு மலாயில் "ஜந்தோங்".

மருத்துவரிடம் ஐந்து செய்திகள் சொல்லுங்கள்: எப்போது தொடங்கியது, எந்த இடம், எப்படி வலிக்கிறது, எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது அல்லது குறைகிறது. சாப்பிடும் மருந்துகளையும் காட்டுங்கள்.

சோதனைக்குப் பிறகு உணவுக்குழாய்தான் என்று தெரிந்தால் நல்லது. அதற்கும் சிகிச்சை உண்டு. உண்டதும் படுக்காமல் 3 மணி நேரம் பொறுங்கள், தலைமாட்டை உயர்த்துங்கள். விழுங்கச் சிரமம், காரணமின்றி எடை குறைதல், கறுப்பு மலம் இருந்தால் தாமதமின்றி மருத்துவரைப் பாருங்கள். இரத்த வாந்தி எடுத்தால் உடனே 999.

"வெறும் கேஸ்ட்ரிக்குக்காகவா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்பார்களோ" எனப் பல பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டாம். கேஸ்ட்ரிக் என்று தெரிந்து வீடு திரும்புவதற்கே அந்தச் சோதனை. பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பத் தயங்கும் அம்மாமார்களே, எழுப்புங்கள்.