ஒரே பாத்திரத்து விருந்து



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழும் கணக்கும் போதித்தவன் நான். அடுப்பங்கரையைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று தாங்கள் ஐயுறலாம். ஓய்வு பெற்ற பின்னர் நான் கற்ற முதற்பாடம் அடுப்பங்கரையில்தான் கிடைத்தது. அதனையே இன்று தங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, நொய்யலாற்றின் நீரைப் பெறும் குளங்களையுடைய சூலூர் எங்கள் ஊர். கொங்கு நாடு பெரும்பாலும் புன்செய் பூமி. முற்காலத்தில் கம்பும் சோளமும் ராகியுமே அன்றாட உணவு. நெல்லுச்சோறு நோம்பி நாளிலும், விருந்தாளி வந்த நாளிலுமே வேகும். ஆகையால் விருந்து என்றாலே எங்களுக்கு அரிசியின் மணம் நினைவுக்கு வரும். அந்த மணத்தோடு இன்னொரு காட்சியும் எனக்கு நினைவுக்கு வருகிறது. இலை போட்டு எல்லோரும் உண்டு எழுந்த பிறகு, சட்டியின் அடியை வழித்துத் தம் தட்டில் இட்டுக்கொள்ளும் என் தாயாரின் காட்சி அது. விருந்தினரோடு அவர் ஒருநாளும் அமர்ந்து உண்டதை நான் கண்டதில்லை.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். விருந்தினருக்கு முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்ணும் இல்லறத்தானை அதில் வள்ளுவர் போற்றுகிறார். இதனை ஆண்டுதோறும் மாணவர்க்கு உருக்கத்துடன் விளக்கியிருக்கிறேன். ஆனால் என் வீட்டில் அந்த எஞ்சியதை உண்டவர் யார்? நானல்லேன். நான் விருந்தினரோடு முதற்பந்தியில் அமர்ந்து, உபசார வார்த்தைகள் மட்டும் பேசியவன். எஞ்சியதை உண்டவர் என் தாயார். அவருக்குப் பின் என் மனைவியார். பாடம் நடத்தியவனுக்குப் பாடத்தின் பொருள் விளங்கவில்லை.

அதனை விளக்கியவள் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி. சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தவள், வீட்டார் எல்லோருக்கும் தானே சமைப்பதாகச் சொன்னாள். ஜப்பானியர் சூஷி என்றோர் உணவு செய்வார்கள். குழைந்து ஒட்டும் அரிசிச் சோற்றில் புளிக்காடியும் சர்க்கரையும் உப்பும் கலந்து, மீன் முதலியவற்றுடன் சிறு சிறு துண்டுகளாக அமைப்பது அது. ஒவ்வொன்றாகச் செய்யப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். பலர் கூடும் இடத்தில் அவ்வளவு பாடு எதற்கு என்று, அதே சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, மேலே கலவையைப் பூசி, சூட்டடுப்பில் வைத்துச் சுட்டெடுக்கும் முறை ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் இது வீடுதோறும் பரவியது. பேத்தி மீனுக்குப் பதிலாகக் காளானும் காரட்டும் இட்டு அதனைச் செய்தாள். உண்பவர் தாமே கரண்டியால் எடுத்து, கடற்பாசித் தாளில் மடித்து உண்ணவேண்டும்.

அதன் சுவை எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆனால் தட்டை நடுவில் வைத்துவிட்டு அவள் சொன்ன சொல் என் நெஞ்சில் தைத்தது. "எல்லோரும் உட்காருங்க அப்புச்சி. நானும் உங்க கூடவே உட்கார்றேன்" என்றாள்.

சமைத்தவரும் உடன் உட்கார வேண்டுமானால், உட்கார விடுகின்ற உணவாக அது இருத்தல் வேண்டும். தோசையும் பூரியும் அதற்கு ஆகா. ஒருவர் கல்லருகே நின்றே தீரவேண்டும். எங்கள் சீமையிலோ அதற்கென்றே ஏற்பட்டதுபோல ஓர் உணவு இருக்கிறது. அதுதான் அரிசியும் பருப்பும் சாதம். பேச்சு வழக்கில் அரிசீம்பருப்பு என்போம். சோறு, குழம்பு என்று தனித்தனியே வேண்டாம். எல்லாம் ஒரே பாத்திரம். அரிசிப் புரதத்தில் குறைவாயுள்ள சத்தைப் பருப்பும், பருப்பில் குறைவாயுள்ளதை அரிசியும் நிறைவு செய்கின்றன என்று உணவு நூலார் கூறுவர்.

மனைவியாரிடம் முறை கேட்டுச் சமைக்கலானேன். நால்வருக்கு நன்றாகவே வந்தது. பிறகு உறவினர் இருபத்தைந்து பேருக்குச் செய்யத் துணிந்தேன். கணக்கு வாத்தியார் அல்லவா? விகிதப்படி எல்லாவற்றையும் பெருக்கினேன். சாதம் கஞ்சியாகிவிட்டது! காரணத்தைப் பின்னரே உணர்ந்தேன். ஆவி நீரின் மேற்பரப்பிலிருந்தே வெளியேறுகிறது. பாத்திரம் பெரிதாகும்போது கொள்ளளவு பெருகுமளவுக்கு மேற்பரப்பு பெருகுவதில்லை. ஆதலால் ஆவியாகும் பங்கு குறையும். சிறு பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கென்றால், பெரும் பாத்திரத்தில் இரண்டரைப் பங்கு போதும்.

இப்போதைய என் அளவைச் சொல்கிறேன். இருபத்தைந்து பேருக்குப் பொன்னி அரிசி 2½ கிலோ, துவரம்பருப்பு 800 கிராம், சின்ன வெங்காயம் 1 கிலோ, தக்காளி 1 கிலோ, பூண்டு 200 கிராம். தக்காளியின் புளிப்பு பருப்பு வேவதைத் தாமதிக்கச் செய்யும். ஆகையால் பருப்பை ஒரு மணி நேரமும், அரிசியை அரை மணி நேரமும் ஊறவைத்தல் நலம். கடலை எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளியும் மஞ்சள் தூளும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுக. கொதி வந்ததும் பருப்பை இட்டு, அது பாதி வெந்தபின் அரிசியும் உப்பும் இடுக. தண்ணீர் வற்றி அரிசி மட்டத்திற்கு வந்ததும் தீயைத் தணித்து, தட்டத்தால் மூடி, அதன்மேல் சிறிது தணலைப் பரப்புக. கீழும் மேலும் மெல்லிய அனல். என் பேத்தியின் சூட்டடுப்பு செய்வதும் இதுவே. கால் மணி நேரத்திற்குப் பின் நெய்யும் கொத்தமல்லித் தழையும் தூவி இறக்கலாம். அப்பளமும் தயிரும் ஊறுகாயும் உடனிருந்தால் போதும். சூடாக உண்பது முக்கியம். சமைத்த சோற்றைப் பல மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்திருப்பது உடலுக்குக் கேடு.

சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள் இந்த விருந்து எங்கள் வீட்டில் நடந்தது. பாத்திரத்தை நடுக்கூடத்தில் வைத்து, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்தேன். மனைவியாரையும் வரிசையில் அமர்த்தினேன். பழக்க தோஷத்தால் இருமுறை எழுந்தார். இருமுறையும் பேத்தி கைபற்றி உட்காரவைத்தாள். முதற்கவளத்தை உண்டுவிட்டு என்னை நோக்கி, "ஏனுங்க, உப்பு ஒரு கல்லுக் கம்மிங்க" என்றார்.

நாற்பது ஆண்டுகளாக அவர் சமைத்ததைச் சூடாக உண்டு, குறையும் நிறையும் சொன்னவன் நான். அவருக்கு அவ்வாறு சொல்ல ஒரு வாய்ப்பை நான் அளித்தது அன்றுதான். என் தாயாருக்கு அதனை அளிக்கக் காலம் கடந்துவிட்டது. தங்கள் இல்லத்தில் அடுத்த விருந்து நடக்கும்போது, இலைகளை எண்ணுமுன் அடுப்பருகே நிற்பவரையும் சேர்த்து எண்ணுமாறு வேண்டிக்கொள்கிறேன்.