மஞ்சள் முக்கோணம் சொல்லாதது

(நமது மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆற்றப்பட்ட உரை)



நம் கிராமங்களில் பூச்சிக்கொல்லியை யாரும் விஷம் என்று சொல்வதில்லை; "மருந்து" என்றே சொல்லுகிறார்கள். "மருந்து குடித்துவிட்டான்" என்றுதான் அவசரப் பிரிவுக்கு ஓடிவருகிறார்கள். அடுத்து அவர்கள் கேட்பது, "டப்பாவில் மஞ்சள்தானே இருக்கிறது, பிழைத்துக்கொள்வானா?" என்பது. அந்த நிறத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கை இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

அதன் பெயர் எல்.டி. 50. ஒரு பொருளைக் கொடுத்த சோதனைப் பிராணிகளில் சரிபாதி இறந்துபோகும் அளவு அது. உடல் எடை ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிப்பார்கள். எண் சிறிதானால் விஷம் கடுமை. 1927இல் டிரெவன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இம்முறையை வகுத்தார். அவர் அளக்க நினைத்தது டிஜிட்டாலிஸ், இன்சுலின் போன்ற மெய்யான மருந்துகளின் வீரியத்தை. பாதி என்று ஏன் வைத்தார்? ஒரே அளவில் ஒரு பிராணி சாகும், இன்னொன்று பிழைக்கும். நடுப்புள்ளியைப் பிடித்தால்தான் கணக்கு ஓரளவு நிலையாக நிற்கும்.

நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் இந்த எண்ணைக்கொண்டே நிறம் பிரித்தன. வாய்வழி அளவு 50 வரை சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. வயலில் தெளிப்பவருக்கு இது நல்ல எச்சரிக்கை. ஆனால் குடித்துவிட்ட மனிதருக்கு அது உத்தரவாதம் அல்ல.

இலங்கை மருத்துவமனைகளில் 802 நோயாளிகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. எலிக் கணக்கில் ஒரே வகுப்பைச் சேர்ந்த இரண்டு பூச்சிக்கொல்லிகளில், ஒன்றைக் குடித்தவர்களில் 100க்கு 8 பேர் இறந்தார்கள். மற்றொன்றில் 23 பேர். எலியின் உடல் வேறு, மனித உடல் வேறு. டப்பாவில் விஷத்தோடு அதைக் கரைத்த திரவமும் இருக்கிறது. சிகிச்சைக்கு எது இணங்கும், எது இணங்காது என்பதையும் அந்த எண் சொல்வதில்லை. மனிதச் சாவுகளைக் கணக்கில் எடுத்த இலங்கை, 2008 முதல் 2011 வரை டைமெத்தோயேட், பென்தியான், பாராகுவாட் மூன்றையும் படிப்படியாக விலக்கியது. அங்கே தற்கொலைச் சாவுகள் மேலும் குறைந்தன.

ஆகவே எந்த நிறமானாலும் நாங்கள் காத்திருப்பதில்லை. பல பூச்சிக்கொல்லிகளுக்கு அட்ரோபின் ஊசியும், மூச்சுத் தளர்ந்தால் செயற்கைச் சுவாசமும் உயிரைப் பிடித்து நிறுத்துகின்றன. ஒரே நோயாளிக்குப் பல நாட்கள் இவை தேவைப்படலாம். உங்கள் காணிக்கை அந்த நாட்களைத் தாங்குகிறது.

உங்கள் ஊரில் நான்கு காரியங்களைச் சொல்லுங்கள். பூச்சிக்கொல்லியைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவேண்டாம், பூட்டி வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். அளவு மிஞ்சினால் உப்பும் விஷமே. டப்பாவையும் கையோடு கொண்டுவாருங்கள். நிறத்தைப் பார்த்து ஆறுதலடைந்து காலையில் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

பிழைத்து வீடு திரும்புகிறவரிடம், "ஏன் செய்தாய்?" என்று கடிந்துகொள்ளாமல், அருகில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். அவருக்கு அதுவும் சிகிச்சையே.